மக்கும் குப்பை, மக்காத குப்பை: இதில் நிஜமாகவே காசு மிச்சமாகுமா?

தாம்பரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் 36 வீடுகள். போன மாதச் சங்கக் கூட்டத்தில் குப்பை விஷயம் பெரிய சண்டையாகிவிட்டது. குப்பை எடுக்க வருகிறவர் இனிமேல் கலந்த குப்பையைத் தொட மாட்டேன், தொட வேண்டுமென்றால் கூடுதல் பணம் என்று சொல்லிவிட்டார். அதைப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வசூலிக்கலாம் என்று பாதிப் பேர். செயலாளரோ, "எல்லோரும் பால்கனியில் உரம் போடுங்கள், காய்ந்த குப்பையை எடைக்குப் போடுங்கள், செலவு போய் வரவே வரும்" என்கிறார்.

எனக்கு அந்த "வரவே வரும்" மேல்தான் சந்தேகம். வீட்டில் நாலு பேர். தினமும் சமையல், இரண்டு பால் பாக்கெட், வாரத்துக்கு இரண்டு மூன்று ஆன்லைன் பார்சல். ஊருக்கு நல்லது, உலகத்துக்கு நல்லது என்பதெல்லாம் தெரியும், அதைக் கேட்கவில்லை. கைக்கு என்ன வரும், கையை விட்டு என்ன போகும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பால்கனியில் துணி காயப்போடவே இடமில்லை என்று வீட்டம்மா ஏற்கெனவே ஆட்சேபம் பதிவு செய்துவிட்டார்.

கோவை கலா எழுதியது:

வரும் சார், கண்டிப்பாக வரும். மாடித்தோட்டத்துக்கு நான் வெளியே உரம் வாங்கி வருஷக்கணக்காகிறது. கத்தரி, வெண்டை, கீரை, கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலேயே. மண்கலவை, மண்புழு உரம் என்று நர்சரியில் மூட்டை மூட்டையாக வாங்கினால் என்ன ஆகும் என்பது தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். பேப்பர், அட்டை, பாட்டில் எடைக்குப் போட்ட காசை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறேன். விதை, தொட்டி வாங்குவதெல்லாம் அதிலிருந்துதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கலா அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு மாடி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. தாம்பரத்தானுக்குத் துணி காயப்போடவே இடமில்லை. இரண்டு பேர் கணக்கும் ஒன்றல்ல.

நாலு பேர் வீட்டில் சமையல் கழிவு தினம் ஒரு கிலோ என்று வையுங்கள். காய்கறிக் கழிவில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். மக்கிச் சலித்து எடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு நின்றால் பெரிது. ஆக, மாதம் ஆறு கிலோ உரம். கிலோ இருபது ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் நூற்று இருபது. அதுவும் நீங்கள் கடையில் உரம் வாங்கும் ஆளாக இருந்தால்தான் மிச்சம். செடியே இல்லாத வீட்டில் அது மூலையில் இன்னொரு மூட்டை, அவ்வளவுதான்.

நிறையப் பேர் வாடை வராமல் இருக்கக் கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள் கட்டி வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள். தென்னை நார்த்தூள் லேசில் மக்கும் சரக்கு இல்லை. கடைசியில் "பத்து கிலோ உரம் எடுத்தேன்" என்று படம் போடுவார்கள். அதில் கணிசமான பங்கு அவர்கள் காசு கொடுத்து வாங்கிய நார்த்தூளாகவே இருக்கும்.

எடைக்குப் போடுவதும் அப்படித்தான். அரை லிட்டர் பால் கவர் ஒன்று மூன்று கிராம்கூட நிற்காது. தினம் இரண்டு என்றால் ஒரு கிலோ சேர ஆறு மாதம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நாற்பது ஐம்பது சேர்ந்தால்தான் கிலோ. செயலாளர் சொல்லும் வரவில் மாதம் ஒரு முறை குடும்பத்தோடு ஓட்டலில் டிபன் சாப்பிட முடிந்தால் ஆச்சரியம்.

செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. வரவு வரும் என்று சொல்லி ஆரம்பித்தால், வராத மாதம் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

காயலான் கடைப் பேரன் எழுதியது:

தாத்தா காலத்திலிருந்து பழைய பேப்பரும் பழைய இரும்பும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. கணக்குப்பிள்ளை சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனால் அவர் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுகிறார், கேள்வி 36 வீட்டைப் பற்றி.

தனி ஆள் இரண்டு கிலோ பேப்பரோடு கடைக்கு வந்தால் நாங்கள் சொல்வதுதான் விலை. ஒரு குட்டி யானை வண்டி நிரம்பும் அளவு அட்டையும் பேப்பரும் ஒரே இடத்தில் பிரித்துக் கட்டி வைத்திருந்தால், நாங்களே வண்டி கொண்டு வருவோம், விலையும் பேசலாம். இப்போது எல்லா வீட்டிலும் ஆன்லைன் பார்சல் அட்டை மலையாகக் குவிகிறது. அதை நசுக்கித் தட்டையாக்கி, நனையாமல் வைத்தால் போதும். மழையில் நனைந்த அட்டைக்கு நாங்கள் எடையில் கழிப்போம், சில நாள் வேண்டாம் என்றே சொல்லிவிடுவோம்.

மக்கள் எங்கே விடுகிறார்கள் என்றால், கலப்பதில்தான். செய்தித்தாளுக்கு ஒரு விலை, எழுதிய நோட்டுக்கு ஒரு விலை, அட்டைக்கு அதைவிடக் குறைவு. மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் குறைந்த விலைதான் மொத்தத்துக்கும். பால் கவரைக் கழுவாமல் கொடுத்தால் கடையே நாறும். ஓரத்தை முழுசாக வெட்டித் துண்டாக்காமல், துண்டு கவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வெட்டுங்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டை ஒருவரும் பொறுக்க மாட்டார்கள், நேரே சாக்கடைக்குத்தான் போகும். கவரைக் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் க்ளிப் போட்டுக் காய வைக்கலாம்.

பிளாஸ்டிக் சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், பாருங்கள். 1 தண்ணீர் பாட்டில் வகை. 2 ஷாம்பு, பினாயில் டப்பா மாதிரி கெட்டியானது. 5 பெரும்பாலும் சாப்பாட்டு டப்பா, மூடி. இந்த மூன்றும் ஓடும் சரக்கு. பால் கவர் 4, சுத்தமாக இருந்தால் எடுப்போம். தெர்மோகோல் 6, யாரும் சீண்ட மாட்டார்கள். எடையே இல்லாததற்கு இடம் மட்டும் எவ்வளவு பிடிக்கும்! சிப்ஸ், பிஸ்கட் கவர் உள்பக்கம் வெள்ளியாகப் பளபளக்கும். பல அடுக்கு ஒட்டியது, பிரிக்க முடியாது, எங்களிடம் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

காசு இருப்பது உலோகத்தில். பழைய மிக்ஸி, டேபிள் ஃபேன், குழாய், குக்கர். பித்தளைக் குழாயைப் பழைய இரும்போடு சேர்த்து எடை போட விடாதீர்கள். குக்கர் என்றால் அலுமினியமா, எவர்சில்வரா என்று பார்த்துத் தனியாக எடை கேளுங்கள். அப்புறம், தெருவில் வருகிறவர் தராசு கொண்டுவந்தால் அதற்கு முன் வீட்டிலேயே ஒரு முறை எடை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலைப் பற்றி நானே இப்படிச் சொல்வதற்கு அப்பா திட்டுவார், பரவாயில்லை.

தாம்பரத்தான் எழுதியது:

பேரன் சார், கோடி நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "பழைய இரும்பு, பிளாஸ்டிக்குக்கு வெங்காயம், பூண்டு" என்று ஒரு வண்டி வருகிறது. கொடுக்கலாமா?

காயலான் கடைப் பேரன் எழுதியது:

கொடுக்கலாம். எங்கள் தாத்தா பேரீச்சம்பழம் கொடுத்தார், அவர் வெங்காயம் கொடுக்கிறார். வெங்காயம் விலை ஏறியிருக்கும்போது அவர் வரவே மாட்டார், அதையும் கவனியுங்கள்.

மண்புழு எழுதியது:

விவசாயம் படித்தவன் என்பதால் உரப் பக்கம் மட்டும் பேசுகிறேன். கணக்குப்பிள்ளை கோகோபீட் பற்றிச் சொன்னது உண்மை. அதற்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த இலை போதும். தாம்பரம் பக்கம் எந்தத் தெருவில் பூவரசும் வேம்பும் புங்கையும் இல்லை? பெருக்கிக் குவித்து எரிப்பதை ஒரு சாக்கில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் பார்சல் அட்டையைக் கிழித்துப் போடலாம், பளபளப்பு ஒட்டியதும் டேப்பும் மட்டும் வேண்டாம்.

இலையும் அட்டையும் எதற்கு? நுண்ணுயிருக்குச் சாப்பாடு இரண்டு வகை, கார்பன் ஒன்று, நைட்ரஜன் ஒன்று. நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் வேலை சீராக நடக்கும். காய்கறித் தோல், காபி வடிகட்டிய சக்கை எல்லாம் நைட்ரஜன் மிகுந்தவை. காய்ந்த இலை, அட்டை, மரத்தூள் கார்பன் மிகுந்தவை. தராசு வைத்து அளக்க வேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால் அதே அளவோ கொஞ்சம் கூடவோ காய்ந்த இலையை நொறுக்கி மேலே போட்டு மூடுங்கள். முக்கியமாக, ஈரக் கழிவு வெளியே தெரியக் கூடாது.

பால்கனியில் ஆரம்பிக்க இரண்டு இருபது லிட்டர் பெயின்ட் வாளி போதும். பெயின்டர் இலவசமாகவே தருவார். பக்கவாட்டில் நிறைய ஓட்டை, அடியில் நாலைந்து ஓட்டை, கீழே ஒரு தட்டு. ஒன்று நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை நிரப்புங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் வாளி தயார். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ ஒரு கைப்பிடி பழைய உரமோ போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தொட்டியே வாங்கவில்லை, கோகோபீட்டும் வாங்கவில்லை, செலவுப் பக்கம் பூஜ்யம். கணக்குப்பிள்ளைக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

செவ்வந்தி எழுதியது:

நான் மதுரை. நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வாளியில் தட்டையாக, பழுப்பு நிறத்தில் புழு நெளிகிறது. மூடியைத் திறந்ததும் சரசரவென்று சத்தமே கேட்கிறது. மாமியார் வாளியோடு வெளியே எறியச் சொல்கிறார். அழுகின முட்டை வாடையும் லேசாக வருகிறது. என்ன செய்வது?

மண்புழு எழுதியது:

எறிய வேண்டாம் சகோதரி. தட்டையாக, கண்டம் கண்டமாக, அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. வீட்டு ஈ மாதிரி பலகாரத்தில் வந்து உட்காரும் ஜாதி இல்லை. வளர்ந்த ஈ சாப்பிடுவதே கிடையாது என்று சொல்லலாம், முட்டை போட்டுவிட்டுச் செத்துவிடும். புழு மட்டும் பகாசுரன், உங்கள் வாளியை யாரையும்விட வேகமாகக் காலி செய்யும். கோழி வளர்க்கிறவர்கள் இதைத் தனியாகவே வளர்த்துத் தீவனமாகப் போடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் கோழி இருந்தால் ஒரு பிடி அள்ளிப் போட்டுப் பாருங்கள்.

வாடைதான் கவனிக்க வேண்டியது. அழுகின முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, தண்ணீர் அதிகம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் சொட்டு ஒன்று இரண்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். ஒரு தட்டில் கொட்டிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, காய்ந்த இலை இரண்டு மடங்கு கலந்து திரும்பப் போடுங்கள். மூக்கைச் சுள்ளென்று குத்தும் அம்மோனியா வாடை வந்தால் அதற்கு அர்த்தம் வேறு, நைட்ரஜன் அதிகம். இரண்டுக்கும் மருந்து காய்ந்த இலைதான். ஈரத்தைக் குறைத்தால் புழுவும் தானாகவே குறையும்.

வாளியில் சாம்பார், ரசம் ஊற்றுகிறீர்களா?

செவ்வந்தி எழுதியது:

மிச்சமானதை எல்லாம் அதில்தான் கொட்டினோம். மீன் கழுவின தண்ணீரும், செதிலும்கூட.

மண்புழு எழுதியது:

குழம்பு வகையறாவில் தண்ணீர், உப்பு, எண்ணெய் மூன்றும் இருக்கிறது. சாதம், தோசைத் துண்டு கொஞ்சம் போகலாம், வடித்துவிட்டுப் போடுங்கள். மீன் செதிலும் குடலும் சின்ன வாளிக்குச் சரிப்படாது, பூனையும் பெருச்சாளியும் வரும். செடி இருந்தால் மீன் கழிவுக்குச் சம எடை வெல்லத்தைப் பொடித்துக் கலந்து மூடி போட்ட டப்பாவில் மூன்று நாலு வாரம் வையுங்கள். மீன் அமிலம் தயார். அதை அப்படியே ஊற்றக் கூடாது, லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மில்லி போதும், கூடினால் செடி கருகும். எலுமிச்சைத் தோல் ஒன்றிரண்டு போடலாம், ஜூஸ் போட்ட நாள் மொத்தத்தையும் கொட்டாதீர்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். கொட்டாங்குச்சி, மாங்கொட்டை, கரும்புச் சக்கை எல்லாம் வாளிக்கு வேண்டாம். இளநீர் மட்டை வேண்டவே வேண்டாம்.

பசுமை வாழ்வு 24 எழுதியது:

கவலையை விடுங்கள்! எங்கள் மின்சார உர இயந்திரம் 24 மணி நேரத்தில் உங்கள் சமையல் கழிவை உரமாக்கும். இன்றே அழையுங்கள்…

நெறியாளர் எழுதியது:

விளம்பரத்தில் இருந்த தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன், யாராவது பதில் சொல்வீர்கள் என்று தெரியும்.

மண்புழு எழுதியது:

சொல்கிறேன். இந்த மாதிரி இயந்திரங்களில் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைப்பவை. கையில் எடுத்தால் பொடிபோல அழகாக இருக்கும். அதில் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், பூஞ்சணம் பிடித்து வாடை அடிக்கும். மக்குவது நுண்ணுயிர் வேலை, ஒரே நாளில் அது முடியாது. அந்தப் பொடியை மறுபடி மண்ணில் புதைத்து மக்க வைக்க வேண்டும். மின்சாரக் கட்டணம் வேறு. பணம் மிச்சம் பிடிக்க ஆரம்பித்த இழையில் இதற்கு என்ன வேலை?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டு நாளாக மண்புழு எழுதுவதைப் படித்துவிட்டு யோசித்தேன். என் கணக்கில் ஒரு பக்கத்தை நான் எழுதவே இல்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நாலு பேருக்கு 220 கிலோ. தோல், எலும்பு, கொட்டை மாதிரி சாப்பிட முடியாததும் அதில் அடக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதனால் அத்தனையும் நஷ்டமில்லை. ஆனால் தோலுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது கலந்த குப்பையில் தெரியாது. கறுப்புக் கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதோடு மறந்துபோகும். ஈரக் கழிவைத் தனிக் கூடையில் போட ஆரம்பித்ததும்தான் கண்ணில் படும்: பாதிக் கட்டு கொத்தமல்லி அழுகி, ஃபிரிட்ஜுக்கு அடியில் சுருங்கிய கத்தரிக்காய், புளித்துப்போன தோசை மாவு, மூன்று நாள் பழைய பொரியல்.

நம் வீடுகளில் கொத்தமல்லி மலிவாகக் கிடைத்தால் இரண்டு கட்டு வாங்குவோம். மாவு அரைத்தால் வாரத்துக்கும் சேர்த்து. இதை ஒரு மாதம் ஒரு தாளில் எழுதுங்கள், விலையோடு. சாப்பிடக்கூடியது எவ்வளவு போகிறது என்று மட்டும். உரத்தின் நூற்று இருபது ரூபாயை அது சர்வ சாதாரணமாகத் தாண்டும் என்பது என் பந்தயம். ஆக, மிச்சம் வாளிக்கு வெளியே இருக்கிறது, எதை வாங்காமல் விடுகிறோம் என்பதில்.

செயலாளரிடம் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை. வரவு என்றால் மனிதருக்குக் கையில் நோட்டாகத் தெரிய வேண்டும்.

கோவை கலா எழுதியது:

கணக்குப்பிள்ளை தம்பி, முதலில் வந்தபோது வம்புக்கு வந்தீர்கள் என்று நினைத்தேன், இப்போது என் பக்கமே வந்துவிட்டீர்கள். நானும் ஒன்று சேர்க்கிறேன். செக்கு எண்ணெய்க்கு நான் சொந்தக் கேன் கொண்டுபோகிறேன். மளிகைக்குத் துணிப்பை. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் வாங்குவதை நிறுத்தி, தலைக்குச் சீயக்காய் அரைத்துக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டில் வெளியே வாங்குவதே இல்லை, பையில் எவர்சில்வர் பாட்டில். இதெல்லாம் குப்பைக்காக ஆரம்பித்தது, மளிகைச் சீட்டில் வந்து நின்றது.

எசன் தமிழன் எழுதியது:

நான் ஜெர்மனியில் இருந்து. இந்த இழையை ஒரு கிழமையாக வாசிக்கிறேன். இங்கே காசு எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் விலையோடு 25 சென்ட் முன்பணம் சேர்த்து எடுப்பார்கள். காலிப் போத்தலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் அந்த 25 சென்டுக்குச் சீட்டு வரும். அதனாலே ரோட்டில் ஒரு போத்தல் கிடக்காது, கிடந்தாலும் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். மரக்கறிக் கழிவுக்குத் தனித் தொட்டி. மற்ற எதிலும் சேராத குப்பைக்கு ஒரு தொட்டி, பல நகரங்களில் அதன் அளவைப் பார்த்துத்தான் கட்டணம். சின்னத் தொட்டி என்றால் குறைவு. எங்கள் அம்மா குசினியில் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து வைப்பதற்கு இதுதான் காரணம். இயற்கைப் பற்றெல்லாம் பிறகு வந்தது.

தாம்பரத்தான் எழுதியது:

நம்மூரில் அந்தப் போத்தல் முறை வருமா? வந்தால் எங்கள் தெரு முனையில் இருக்கும் பாட்டில்களிலேயே நான் பணக்காரன்.

காயலான் கடைப் பேரன் எழுதியது:

வந்துவிட்டதே! நீலகிரியில் காட்டில் உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் திரும்பினால் அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. எங்கள் கடைக்குத்தான் நஷ்டம். அந்தப் பத்து ரூபாய் இருக்கும்போது எடைக்கு யார் போடுவார்கள்?

மடிப்பாக்கம் மாமி எழுதியது:

எல்லாரும் காசைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பேசலாம். எங்கள் தெருவுக்கு பேட்டரி வண்டியில் வரும் பெண்ணிடம் நான் காய்ந்த குப்பையைச் சுத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். எடைக்குப் போட்டால் எனக்கு என்ன வரும், அம்பது ரூபாயா? அவளுக்கு அது ஒரு வேளைச் செலவு. இந்த வேலை செய்பவர்கள் நம் வீட்டு நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் கையால் பிரிக்கிறார்கள், அதையாவது தனியாகத் தாளில் சுற்றி, வெளியே தெரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். ஊசி, மாத்திரை அட்டை, டியூப்லைட்டும் அப்படியே.

போகிக்குப் பழையதை எரிக்கிறேன் என்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வருஷா வருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கெஞ்சுகிறது. எங்கள் பேரனுக்கு இளைப்பு, போகி அன்றைக்கு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பழைய பாயையும் துணியையும் கேட்டு வாங்க ஆட்கள் இருக்கும்போது எரிப்பது எந்த சாஸ்திரம்?

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை என்ன செய்வது என்று சந்தேகம் வரும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்து பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள். முதல் மாதம் தினம் மூடியைக் கொஞ்சம் திறந்து மூட வேண்டும், காற்று சேர்ந்து வெடித்துவிடும், அதனால் கண்ணாடி பாட்டிலே வேண்டாம். மூன்று மாதத்தில் வடிகட்டினால் தரை துடைக்க, பாத்ரூம் கழுவ ஆகும். ரொம்ப அழுக்குக்கு ஆகாது, சும்மா சொல்லக் கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மாமி, காசைப் பற்றி இரண்டு வரி மட்டும். அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது நல்லது. ஆனால் கலந்த குப்பையோடு சேர்த்துக் கொடுத்தால் அவருக்கும் வராது, நமக்கும் வராது. பிரித்துக் கொடுத்தால்தான் தர்மத்துக்கே மதிப்பு.

செவ்வந்தி எழுதியது:

வாடை போய்விட்டது! அரசமர இலை ஒரு சாக்கு, கோவில் வாசலில் பெருக்குகிற தாத்தா கொடுத்தார். புழுவும் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொஞ்சம் போட்டேன், அடித்துப் பிடித்துச் சாப்பிட்டது. மாமியார் இப்போது வாளியைத் திட்டுவதில்லை, என்னைத் திட்டுகிறார்.

ஒரு கேள்வி பாக்கி. சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர் எல்லாம் யாருமே எடுப்பதில்லை என்றால் கடைசியில் எங்கே போகும்?

காயலான் கடைப் பேரன் எழுதியது:

சென்னை என்றால் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள். கோவை என்றால் வெள்ளலூர். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வேறு. ஈரக் கழிவு அழுகி மீத்தேன் கிளம்புகிறது, கூடவே காய்ந்த பிளாஸ்டிக், அப்புறம் எரியாமல் என்ன செய்யும்? பிரிக்கப்பட்டுப் போகும் கவர்களில் ஒரு பகுதி அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. இன்னொரு வழி சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியில் கலந்து தார் போடும் முறையைக் கண்டுபிடித்தார், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்கள் ஊர்க்காரர்தான் செவ்வந்தி. ஆனால் பி.வி.சி. வகை பிளாஸ்டிக் அதில் சேராது. எப்படி என்றாலும் பிரிந்து வந்தால்தான் ஆகும். சாம்பாரில் ஊறின கவரை எந்த ஆலையும் கேட்காது.

தாம்பரத்தான் எழுதியது:

நேற்று சங்கக் கூட்டம் முடிந்தது. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு போனேன், செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்ததை ஒருவர் எடுத்துக் காட்டினார். அதனால் பிரிப்பதா வேண்டாமா என்ற சண்டை அங்கேயே முடிந்தது.

வீட்டுக்கு வீடு வாளி என்பதைக் கைவிட்டோம். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரம் இருக்கிறது, அங்கே செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு தொட்டி. தோட்டக்காரருக்கு மாதம் கொஞ்சம் கூடச் சம்பளம், அது குப்பை வண்டிக்காரர் கேட்ட கூடுதலில் பாதிக்கும் கீழே. வாளி வைக்க விருப்பமுள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம். அட்டைக்கும் பேப்பருக்கும் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம். அதில் வரும் பணம் காவலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் என்று முடிவு, மாமிக்கு நன்றி. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி வீட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் வாரத்திலேயே தோசை மாவு இரண்டு தடவை வந்துவிட்டது, வீட்டம்மா தாளைக் கிழிக்கச் சொல்கிறார்.

கடைசியாக ஒன்று. ஸ்டோர் ரூமில் பழைய யு.பி.எஸ். பேட்டரி மூன்று, பழைய மொபைல் ஒரு பை நிறைய, டியூப்லைட் ஒரு கட்டு இருக்கிறது. இதையும் உங்கள் கடைக்கே கொண்டுவரலாமா, பேரன்?

காயலான் கடைப் பேரன் எழுதியது:

பேட்டரியை எங்களிடம் கொண்டுவராதீர்கள். புதிது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், ஈயத்துக்காகக் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். அதுதான் உங்களுக்கும் லாபம். மொபைலை அரசு அங்கீகரித்த மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டு, படமெல்லாம் எடுத்துவிடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் அட்டையில் சுற்றி அபாயக் குப்பையாகத் தனியாகக் கொடுங்கள். அட்டை சேர்ந்ததும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், சனிக்கிழமை வண்டி அந்தப் பக்கம் வரும்.